எங்கள் பெயரையும் முறைப்பட்டியலில் எழுதுங்கள்: ஜப்பானிய உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம். ஜப்பானில் வெளிநாட்டு மாணவர்களைச் சில மாதங்களோ ஓராண்டோ தம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் உயர்நிலைப் பள்ளிகளின் வகுப்பாசிரியர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் கல்வி அமைச்சக அலுவலர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஜப்பானிய மொழியில் எழுதிய படி உங்களுக்குத் தனியே வந்து சேரும். தமிழிலும் வெளியிடக் காரணம் உண்டு. அடுத்து அங்கே வரப்போகும் பிள்ளைகளும், அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் இதைப் படித்துவிட்டுப் புறப்பட வேண்டும் என்று விரும்புகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து பரிமாற்ற மாணவியாக வந்து, ஜப்பானின் வடகிழக்கிலுள்ள டோஹோகு பகுதியில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு வகுப்பில் படித்துத் திரும்பியவள் நான். பள்ளியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கு யாரும் எனக்குத் தீங்கு செய்யவில்லை. எல்லோரும் அன்பாகவே இருந்தார்கள். ஆனால் அந்த அன்பு காட்டப்பட்ட விதத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. வேறு மாவட்டங்களில் படித்த தாய்லாந்து, இந்தோனேசியா, மங்கோலியாவைச் சேர்ந்த தோழிகளோடு பேசியபோதும் இதே பேச்சுதான் வந்தது. என் கோரிக்கை ஒன்றுதான்: எங்களுக்கு வேலை கொடுங்கள். வகுப்பில் மற்ற மாணவர்களிடம் எதையெல்லாம் எதிர்பார்க்கிறீர்களோ, அதையெல்லாம் எங்களிடமும் எதிர்பாருங்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரவைத்து உபசரிப்பது வீட்டுக்கு அழகு. வகுப்பறையில் அதே உபசாரம் ஒரு பிள்ளையை மற்றவர்களிடமிருந்து ஒதுக்கிவிடுகிறது.

வகுப்பை நடத்துவது ஆசிரியர் மட்டுமல்ல என்பது உங்கள் பள்ளிக்குள் நுழைந்த முதல் நாளே புரிந்துவிடும். ஒவ்வொரு பாடவேளையின் தொடக்கத்திலும் 'எழுந்திருங்கள், வணங்குங்கள், அமருங்கள்' என்று குரல் கொடுப்பவர் ஒரு மாணவர். பாடம் முடிந்ததும் கரும்பலகையைத் துடைப்பவரும் அவரே. உடற்பயிற்சிக் கூடத்துக்கோ ஆய்வகத்துக்கோ எல்லோரும் கிளம்பும்போது வகுப்பறையைப் பூட்டிச் சாவியை வைத்திருப்பவரும் அவரே. மாலையில் வகுப்பு நாட்குறிப்பில் ஒவ்வொரு பாடவேளையிலும் என்ன நடந்தது, யார் வரவில்லை, அன்றைய நாள் எப்படி இருந்தது என்றெல்லாம் எழுதி உங்களிடம் ஒப்படைப்பவரும் அவரே. 'நிச்சோகு' என்னும் இந்தப் பொறுப்பு வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி எல்லோரையும் சுற்றிவரும்.

என் பெயர் பதிவேட்டின் கடைசியில் சேர்க்கப்பட்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் வரை வந்த முறை, என்னைத் தாண்டி மறுபடி முதல் எண்ணுக்குப் போய்விட்டது. பக்கத்து இருக்கைத் தோழிதான் அதைக் கவனித்து ஆசிரியரிடம் கேட்டாள். 'அவளுக்குச் சிரமமாக இருக்குமே' என்றார் அவர். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். நான் தயங்கித் தயங்கி, எனக்கும் வேண்டும் என்றேன். அடுத்த சுற்றில் கொடுத்தார்.

அந்த நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். நான் குரல் கொடுத்ததும் வகுப்பே எழுந்து நின்றது. அதுவரை அந்த அறையில் என் குரலுக்கு யாரும் எதையும் செய்ததில்லை. அதுவரை ஆங்கிலத்தில் நான்கு சொல் பேசிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள், அன்று என்னிடம் வந்து ஜப்பானிய மொழியில் 'சாவி எங்கே?' என்று கேட்டார்கள். சாவி என்னிடம் இருந்ததால் கேட்டார்கள். மாலையில் நாட்குறிப்பை எழுத உட்கார்ந்தேன். கணித வகுப்பில் நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பின் வரிசைப் பையன்கள் இருவர் வந்து நின்று, எந்த வினைச்சொல் பொருந்தும் என்று தங்களுக்குள் வாதாடினார்கள். அவர்கள் என்னோடு பேச வேண்டும் என்று யாரும் ஏற்பாடு செய்யவில்லை. நாட்குறிப்பை முடிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது என்ற பள்ளி விதி ஒன்றே போதுமானதாக இருந்தது. மறுநாள் அந்தப் பக்கம் சிவப்பு மையில் திருத்தங்களோடும், கீழே ஆசிரியர் எழுதிய இரண்டு வரிப் பதிலோடும் திரும்பி வந்தது. மொழிப் பயிற்சி நூல்கள் பல வாரங்களில் தராததை அந்த ஒரு பக்கம் எனக்குத் தந்தது.

மாணவர்களைப் பழகவைக்க நீங்கள் அறிமுகக் கூட்டம் நடத்துகிறீர்கள், ஆளுக்கொரு துணையை நியமிக்கிறீர்கள். நன்றி. ஆனால் அந்த ஆர்வம் சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் என் மேசையைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள், மழைக்காலம் வருவதற்குள் தத்தம் பழைய வட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். மதிய உணவுக்கு மேசைகளைச் சேர்த்துப் போட்டு பென்டோ டப்பாவைத் திறக்கும்போது, எந்த மேசையோடு என் மேசையைச் சேர்ப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பதினாறு பதினேழு வயதில், தன்னோடு சேர்ந்து எதையும் செய்யாத ஒருவரிடம் நாள்தோறும் பேச என்ன இருக்கும்? சேர்ந்து தரை துடைத்தவர்களுக்கு, சேர்ந்து பந்து பொறுக்கியவர்களுக்கு, பேச்சு தானாக வந்துவிடுகிறது.

தரை துடைப்பதைச் சொன்னேன். அதைப் பற்றி நான் மிகுந்த உணர்ச்சியோடுதான் எழுத முடியும். பாடங்கள் முடிந்ததும் வகுப்பறையை, நடைபாதையை, மாடிப்படியை, கழிப்பறையை மாணவர்களே சுத்தம் செய்வது உங்களுக்கு அன்றாடம். மருத்துவர் மகளும் கடைக்காரர் மகனும் ஒரே வாளியில் துணியைப் பிழிகிறார்கள். நான் வந்த நாட்டில் கழிப்பறையை யார் கழுவுவது என்பதைப் பிறப்பு தீர்மானித்த வரலாறு இருக்கிறது. கையால் மலம் அள்ளும் வேலையில் யாரையும் அமர்த்தக் கூடாது என்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் பள்ளிக் கழிப்பறையைக் கழுவவைத்த செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்த நாட்டுப் பிள்ளைக்கு, எல்லோரும் முறை வைத்துக் கழிப்பறை கழுவும் ஒரு பள்ளியைவிடப் பெரிய பாடம் எது? அதிலிருந்துதான் எனக்கு முதலில் விலக்கு அளித்தீர்கள். 'உன் நாட்டில் இந்த வழக்கம் இல்லையே, கட்டாயம் இல்லை' என்றார்கள். அந்த வழக்கம் இல்லை என்பதற்காகவே அதை எனக்குக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு கொடுத்தீர்கள். கழிப்பறைக் குழுவில் என்னோடு இருந்த நால்வர்தான் இன்றும் எனக்குக் கடிதம் எழுதுகிறவர்கள்.

பாடங்களுக்கு வருகிறேன். உங்கள் செவ்வியல் மொழிப் பாடவேளையில் என்னை நூலகத்துக்கு அனுப்பினார்கள். பழைய ஜப்பானியமும், குறியீடுகளைப் பார்த்து வரிசை மாற்றி வாசிக்க வேண்டிய பழஞ்சீனமும் எனக்கு எப்படிப் புரியும் என்ற நினைப்பு. தேர்வு நாட்களிலும் நூலகம்தான். அமைதியான இடம், நல்ல வெளிச்சம், ஆளே இல்லை. நூலகப் பொறுப்பாளர் அம்மையார் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போவார். வகுப்புத் தோழர்கள் அச்சத்தோடும் படபடப்போடும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் நான் மட்டும் படப்புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தேன். மதிப்பெண் வந்த நாளில் சிலர் புலம்பினார்கள், சிலர் ஒருவரையொருவர் தேற்றினார்கள். அந்தப் புலம்பலில் எனக்குப் பங்கில்லை.

புரியாது என்று முன்கூட்டியே முடிவு கட்டாதீர்கள். ஜனவரியில் பள்ளியில் கருத்தா போட்டி நடந்தது. நூறு கவிஞர்களின் நூறு பழம்பாடல்களை வைத்து ஆடும் அட்டை விளையாட்டு அது. முதல் பாதியை ஒருவர் ஓத, பிற்பாதி எழுதிய அட்டையை முந்தித் தட்டி எடுக்க வேண்டும். பொருள் முழுதும் தெரியாமலே செய்யுளை ஓசையோடு நெஞ்சில் ஏற்றிக்கொள்ளும் பயிற்சி தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த எவருக்கும் உண்டு. மனப்பாடப் பகுதி என்றால் எங்களுக்குத் தெரியும். இருபதுக்கும் மேற்பட்ட பாடல்களை அப்படி ஏற்றிக்கொண்டு போனேன். சில அட்டைகளை எடுக்கவும் செய்தேன். அதைப் பார்த்த செவ்வியல் மொழி ஆசிரியர், மறுவாரமே என்னை வகுப்புக்கு வரச் சொன்னார். பாடத்தில் பத்தில் ஒரு பங்குகூடப் புரிந்திருக்காது. ஆனால் ஐந்தும் ஏழுமாக அசைகள் நடக்கும் அழகை அங்கேதான் காதால் கற்றேன். ஏப்ரலிலேயே அழைத்திருந்தால் எவ்வளவு கற்றிருப்பேன் என்று இப்போதும் ஏங்குகிறேன்.

ஆகவே தேர்வுத்தாளை எங்களுக்கும் கொடுங்கள். பூஜ்யம் வந்தால் பூஜ்யம் போடுங்கள், தேர்ச்சி இல்லை என்று காட்டும் சிவப்பு மதிப்பெண் வந்தால் சிவப்பிலேயே எழுதுங்கள். அடுத்த முறை ஏழு வாங்கினால், அந்த ஏழு எங்கள் உழைப்பு என்று தெரியும்.

மொழிச் சிக்கலை நான் மறைக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் மட்டும் சீன எழுத்திலிருந்து வந்த 1,026 கான்ஜி எழுத்துகளைக் கற்கிறார்கள். பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் 2,136 இருக்கின்றன. சில நூறு எழுத்துகளோடு வந்த ஒருத்திக்கு நீங்கள் தரும் அச்சுத்தாள் ஒரு சுவர்தான். அந்தச் சுவரில் கதவு வைக்கும் வழியை உங்கள் நாடே கண்டுபிடித்திருக்கிறது. 1995இல் ஹான்ஷின் பெருநிலநடுக்கத்தின்போது, ஜப்பானியமும் ஆங்கிலமும் போதுமான அளவு தெரியாத வெளிநாட்டவருக்கு அவசரத் தகவல்கள் போய்ச் சேரவில்லை. அந்தத் துயரத்திலிருந்து உருவானதுதான் 'எளிய ஜப்பானியம்'. சிறு வாக்கியங்கள், அன்றாடச் சொற்கள், கான்ஜியின் மேல் உச்சரிப்பைக் காட்டும் ஃபுரிகானா எழுத்துகள். 2020இல் குடிவரவு முகமையும் பண்பாட்டு முகமையும் சேர்ந்து அதற்கு வழிகாட்டிக் குறிப்பையே வெளியிட்டன. நகராட்சி அலுவலகத்தில் குப்பை போடும் நாள் பற்றிய அறிவிப்பை என்னால் வாசிக்க முடிந்தது. பள்ளியில் தந்த வேதியியல் தாளை வாசிக்க முடியவில்லை. கணினியில் ஃபுரிகானா சேர்ப்பது சில நிமிட வேலை. அதையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை, வகுப்பு மாணவர்களிடம் முறை வைத்துக் கொடுக்கலாம். என் தோழி ஒருத்தி வரலாற்றுத் தாளுக்கு அப்படி எழுதித் தந்தபோது, தனக்கே சில எழுத்துகளின் உச்சரிப்பு தெரியவில்லை என்று அகராதியைத் திறந்தாள்.

அமைச்சக அலுவலர்களே, தாய்மொழி ஜப்பானியம் அல்லாத மாணவர்களுக்கென்று தனிப் பாடத்திட்டத்தில் மொழி கற்பிக்கும் ஏற்பாட்டைத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு 2014இலும், உயர்நிலைப் பள்ளிகளுக்கு 2023இலும் நீங்களே கொண்டுவந்தீர்கள். பரிமாற்ற மாணவர் இருக்கும் பள்ளிகளும் அதன் பாடநூல்களையும் பயிற்றுநர்களையும் பயன்படுத்திக்கொள்ள வழி செய்யுங்கள்.

ஆங்கில வகுப்பில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே என்னை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்வார்கள். பிறகு 'இந்தியாவைப் பற்றிப் பத்து நிமிடம் பேசு' என்பார்கள். அருகிலுள்ள தொடக்கப் பள்ளிக்கும் அழைத்துச் சென்று அதையே பேசவைத்தார்கள். எத்தனையோ மொழியும் உணவும் வழக்கமும் கொண்ட நாட்டுக்காக ஒரு பதினாறு வயதுப் பெண் எப்படிப் பதில் சொல்வாள்? இந்தி எனக்குத் தெரியாது என்றதும் சிலருக்கு ஏமாற்றம். அறிமுகம் ஒருமுறை போதும். அதற்குப் பிறகு, வகுப்பில் எல்லோரும் எதைப் பற்றிப் பேசுகிறார்களோ அதையே எங்களுக்கும் கொடுங்கள். ஆற்று நீரின் தரம் பற்றிய குழு ஆய்வில் என்னைச் சேர்த்தபோது, குழுவினர் யாரும் இந்தியக் குழம்பைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. மாதிரி எடுத்தோம், அளந்தோம், சண்டையிட்டோம், அறிக்கை எழுதினோம். எனக்கு அது போதும்.

மாலை நேர மன்றங்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த மடல் முழுமையாகாது. உங்கள் மாணவர்களின் உண்மையான வாழ்க்கை 'புகாட்சு' எனும் இந்த மன்றச் செயல்பாடுகளில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். நான் கியூதோ எனும் வில் கலை மன்றத்தில் சேர்ந்தேன். இருபத்தெட்டு மீட்டர் தொலைவில், முப்பத்தாறு சென்டிமீட்டர் விட்டமுள்ள இலக்கு. புதிதாகச் சேர்ந்த ஜப்பானிய மாணவர்கள் முதலில் ரப்பர் பட்டை கட்டிய பயிற்சிக் கோலைத்தான் இழுப்பார்கள். மூத்தவர்கள் எய்து முடித்ததும் மணல் மேட்டுக்கு ஓடி அம்புகளை எடுத்துத் துடைத்து அடுக்குவார்கள். என்னை மட்டும் இரண்டாம் வாரமே உண்மையான வில்லைப் பிடிக்கவைத்து, அழகான உடை அணிவித்து, படம் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அம்பு பொறுக்கப் போக வேண்டாம் என்றார்கள். மனம் குன்றிப்போனது. என்னோடு சேர்ந்த முதலாண்டுப் பிள்ளைகள் கோலை இழுத்து இழுத்துத் தோள் வலியோடு நின்றார்கள். அவர்கள் எட்டாத ஒன்று எனக்கு உழைக்காமலே கிடைத்தது. அன்று மாலையே தலைவியிடம் போய், அவர்களோடு என்னை நிறுத்துங்கள் என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் அவர் என்னைக் கடிந்துகொள்ளத் தொடங்கினார். முழங்கை தளர்ந்தால் அதட்டினார், தாமதமாக வந்தால் காரணம் கேட்டார். எனக்கு ஒரு 'சென்பாய்', அதாவது வழிநடத்தும் மூத்த மாணவி, கிடைத்தது அப்படித்தான்.

அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டிகளில், பள்ளி மாறி ஆறு மாதம் ஆகாதவர்கள் பங்கேற்க முடியாது என்ற விதி வெளிநாட்டு மாணவர்களுக்கும் பொருந்தும் என்பதை அறிவேன். அதை மாற்றச் சொல்லவில்லை. போட்டியில் இறங்காமல் மூன்று ஆண்டும் அம்பு பொறுக்கிய ஜப்பானிய மாணவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மன்றத்தின் உறுப்பினர்களே. நாங்களும் அந்த வரிசையில் நிற்கிறோம்.

வேலையைக் கேட்பவள் விதியையும் ஏற்கத்தான் வேண்டும். ஏற்கிறேன். ஒன்றே ஒன்று: பள்ளி விதிகளை நாங்கள் புறப்படும் முன்பே அனுப்புங்கள். தமிழ்ப் பெண் குழந்தைக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே காது குத்திவிடுகிறார்கள். காதில் துளை இருப்பதே விதிமீறல் என்று பள்ளி வாசலில் வைத்து அறிவது வேதனையான தொடக்கம். 2022 ஏப்ரலில் டோக்கியோ மாநகரப் பள்ளிகள் தலைமுடியைக் கருப்பாக்கக் கட்டாயப்படுத்துவது போன்ற விதிகளைக் கைவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில் அமைச்சகம் திருத்தி வெளியிட்ட மாணவர் வழிகாட்டுதல் கையேடு, பள்ளி விதிகளை இணையத்தில் வெளிப்படையாக வைப்பது நல்லது என்கிறது. வைத்துவிடுங்கள். எங்கள் பெற்றோரும் படிப்பார்கள்.

உங்கள் பணிச்சுமை எனக்குத் தெரியும். 2018இல் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு (ஓஇசிடி) நடத்திய ஆசிரியர் ஆய்வில், ஜப்பானின் நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் வாரத்துக்கு 56 மணி நேரம் உழைப்பது தெரியவந்தது. பங்கேற்ற நாடுகளிலேயே அதுதான் மிக அதிகம். உயர்நிலைப் பள்ளியிலும் இரவு எட்டு மணிக்கு ஆசிரியர் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கென்று தனி அட்டவணை போட்டது, நூலகத்துக்கு ஆள் ஏற்பாடு செய்தது, தனிப் பயிற்சித் தாள் தேடியது, எல்லாமே அந்த நேரத்தில்தான். நான் கேட்பது இந்தச் சுமையைக் குறைக்கும். மற்றவர்களுக்கு உள்ள அட்டவணையிலேயே எங்களைப் போடுங்கள். தடுமாறினால் பக்கத்து இருக்கைக்காரர் தாங்கிக்கொள்வார். உங்கள் பள்ளியின் வலிமையே அதுதான் என்பதை நேரில் கண்டிருக்கிறேன்.

கடைசியாக அமைச்சகத்துக்கு ஒன்று. உங்கள் மாணவர் வெளிநாட்டில் படித்துத் திரும்பினால், உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்கத் தேவையான குறைந்தபட்சம் 74 மதிப்பலகுகளில் (கிரெடிட்) 36 வரை அங்கே பெற்றதாகப் பள்ளி ஏற்றுக்கொள்ள உங்கள் விதி இடம் தருகிறது. உங்கள் பள்ளியிலிருந்து திரும்பும் எங்களில் பலருக்குக் கையில் கிடைப்பது ஒரு பங்கேற்புச் சான்றிதழும் பூங்கொத்தும். எந்தப் பாடத்தில் எத்தனை மணி நேரம் அமர்ந்தோம், என்ன மதிப்பெண் பெற்றோம், எந்தப் பொறுப்புகளை ஏற்றோம் என்ற பதிவு இல்லாததால், ஊர் திரும்பியதும் அந்தக் காலம் பள்ளிக் கணக்கில் வெற்றிடமாகிவிடுகிறது. பலர் அதே வகுப்பை மறுபடி படிக்கிறார்கள். ஆசிய உயர்நிலைப் பள்ளி மாணவர்களை அழைக்கும் காக்கேஹாஷி திட்டத்தை 2018இல் தொடங்கினீர்கள். 2033க்குள் நான்கு லட்சம் வெளிநாட்டு மாணவர்களை வரவேற்கும் இலக்கையும் ஜப்பான் அறிவித்திருக்கிறது. அதற்கு முன், எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு மதிப்பெண் பதிவுப் படிவத்தை, ஆங்கில மொழிபெயர்ப்போடு, பரிமாற்ற மாணவர்களுக்கென்று வகுத்துத் தாருங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிகள் அதை ஏற்கவைக்கும் வாதத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

புதிய வகுப்புகளின் பெயர்ப்பட்டியல் ஏப்ரலுக்கு முன்பே தயாராகிவிடும். ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ வந்து சேரும் மாணவருக்கும் அதில் ஓர் எண் ஒதுக்கிவையுங்கள். நிச்சோகு முறை, துப்புரவுக் குழு, தேர்வு இருக்கை, மன்றத்தின் முதலாண்டு வரிசை, நான்கிலும் அந்த எண் வரட்டும். வருகிற மாணவர் விரும்பாவிட்டால் அவரே சொல்லட்டும். ஆசிரியர் கூட்டத்தில் இந்த மடலை ஒருமுறை வாசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னவற்றில் நடைமுறைக்கு ஒவ்வாதது இருந்தால், ஏன் என்று எழுதுங்கள். பரிமாற்றம் முடித்துத் திரும்பிய தோழிகளோடு கலந்து பேசிப் பதில் எழுதுகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் முன்னாள் மாணவி